காயல்பட்டினத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகவும், அந்த ஊர் மாணவர்களை நம்மூருக்கு அழைக்கவும் ஒரு வழிகாட்டி

பள்ளி, கல்லூரிகள் நடத்தும் "நல்லிணக்கப் பயணம்" பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகிறது. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் போவார்கள், தர்காவைப் பார்ப்பார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். யாரும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. திரும்பி வந்த பிறகு பேசுவதற்கு ஒரு முஸ்லிம் நண்பர்கூட இருப்பதில்லை. பயணம் பயன்பட வேண்டுமானால் அது இரண்டு பயணமாக இருக்க வேண்டும். நாம் போகிறோம், அவர்கள் வருகிறார்கள். திரும்பு பயணத்துக்குத் தேதி குறிக்காமல் முதல் பயணத்துக்குப் பேருந்து பேசாதீர்கள். இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான அறிவுரை இதுதான்.

இங்கே காயல்பட்டினத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூரை ஒட்டிய, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கடலோர ஊர். தமிழே தாய்மொழி. வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை, பெண்ணுக்குப் போகும் வீடு, பெண்கள் கூடித் தொழுது ஓதும் தைக்கா என்று, வெளியூர்ப் பிள்ளைகள் மனத்தில் வைத்திருக்கும் படத்தோடு ஒட்டாத பலவற்றை அங்கே பார்க்கலாம். இதே திட்டம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைக்கும் பொருந்தும்.

எத்தனை பேர், எப்போது

பதினாறு மாணவர்கள், எட்டுப் பெண்கள், எட்டு ஆண்கள். ஆசிரியர்கள் நால்வர், அவர்களில் இருவராவது பெண்கள். இதற்கு மேல் போனால் வீடுகள் தாங்காது. நான்கு பேருக்கு ஒரு வீடு என்று நான்கு வீடு கிடைத்தால் போதும். ஒவ்வொரு மாணவருக்கும் அந்த ஊர்ப் பள்ளியில் ஒரு இணை இருக்க வேண்டும், அதே வயது, அதே பால்.

மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். கடிதம் முதலில் அந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் போகட்டும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஊர்ச்சபையான ஜமாஅத்துக்கு அவர் வழியாகப் போகட்டும். ஒரே ஊரில் பல பள்ளிவாசல்கள், பல ஜமாஅத்துகள் இருக்கும். தர்கா வழிபாடு பற்றிக் கருத்து வேறுபாடும் இருக்கும். ஒரு தரப்பின் விருந்தாளியாகப் போய் இறங்கினால் மற்ற தரப்பு ஒதுங்கிவிடும், ஏன் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. அரசியல் கட்சி வழியாகவும் போக வேண்டாம், தேர்தல் நெருங்கும் மாதங்களில் போகவே வேண்டாம்.

நவம்பர், டிசம்பர் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கரை என்ன பாடுபடும் என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் காயல்பட்டினத்தில் கொட்டியது. ரமலான் மாதத்தையும் முதல் பயணத்துக்குத் தவிர்க்கலாம். நோன்புக் கஞ்சியும் இரவுத் தொழுகையும் பார்க்க அருமையானவைதான், ஆனால் பகலெல்லாம் பசித்திருக்கும் வீட்டில் உங்களுக்கு மட்டும் அடுப்பு மூட்டச் சொல்வது நியாயமில்லை. இரண்டாவது, மூன்றாவது சந்திப்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வரும். போன வருட நாட்காட்டியை நம்பித் தேதி போடாதீர்கள். முஸ்லிம் நிர்வாகப் பள்ளிகள் சிலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை வகுப்பு. அதையும் முதலிலேயே கேளுங்கள்.

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் தடத்தில் காயல்பட்டினத்துக்கு நிலையம் உண்டு. வெள்ளி இரவு சேர்ந்து, ஞாயிறு மாலை கிளம்புவது நல்ல அளவு. கீழக்கரையையும் அதே பயணத்தில் சேர்க்க ஆசைப்பட வேண்டாம். சாலையில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, ஒரு பகல் பேருந்திலேயே போய்விடும்.

பெற்றோர் கூட்டம்

இரு ஊரிலும் தனித்தனியாக ஒரு கூட்டம் வேண்டும். இரு தரப்புப் பெற்றோருக்கும் மனத்தில் இருக்கும் பயம் ஒன்றேதான்: பிள்ளையை மதத்துக்கு இழுப்பார்களோ, ஆகாததை ஊட்டுவார்களோ. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வழிபாட்டில் யாரும் கலந்துகொள்ளப் போவதில்லை, பார்க்க மட்டுமே போகிறோம். என் பிள்ளை இன்னது சாப்பிடாது, இன்ன இடத்துக்குள் வராது என்று ஒவ்வொரு பெற்றோரும் எழுதித் தரலாம், அந்தத் தாளை மீறி எதுவும் நடக்காது. எழுதி வாங்கியதை அப்படியே எதிர்ப்பள்ளிக்கு அனுப்புங்கள். சைவம் எத்தனை பேர், மீன் மட்டும் உண்பவர் எத்தனை பேர் என்பது சமைக்கப் போகும் உம்மாவுக்கு (அம்மாவுக்கு) ஒரு வாரம் முன்பே தெரிய வேண்டும். இலை போட்ட பிறகு சொன்னால் அந்த வீட்டுக்கு அது பெரிய மனக்கஷ்டம்.

கேள்விகளைத் தயார்செய்தல்

பயணத்துக்கு முந்தைய மாதம் இரண்டு வகுப்புகள் இதற்கே ஒதுக்குங்கள். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேட்க விரும்புவதை எழுதச் சொல்லுங்கள். கூச்சப்படவைக்கும் கேள்விகளும் வரும், வரட்டும். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள்: இதையே திருப்பி என் வீட்டைப் பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்வேனா?

"உங்கள் பெண்களுக்கு ஏன் சுதந்திரம் இல்லை" என்பது இந்தச் சோதனையில் தோற்கும். "உங்கள் வீடு யார் பேரில் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு யார் எங்கே போவார்கள்" என்பது தேறும். காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதைச் சொல்லிவிட்டு உங்கள் வீட்டில் எப்படி என்று அந்த ஊர் மாணவி திருப்பிக் கேட்பாள். நம் பிள்ளைகளில் பலர் தங்கள் வீட்டுச் சொத்துப் பற்றி முதல் முறையாக யோசிப்பது அங்கேதான். நல்ல உரையாடல் அப்படித்தான் தொடங்கும்.

உலகின் எங்கோ நடந்த குண்டுவெடிப்புக்கும் கிரிக்கெட் ஆட்டத்துக்கும் ஒரு பதினாறு வயதுப் பையன் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு வகையை மட்டும் கண்டிப்பாக நிறுத்துங்கள். மார்க்கம் பற்றிய ஆழமான கேள்விகளை ஆலிமோடு (மார்க்க அறிஞரோடு) ஒரு மணி நேர அமர்வுக்குச் சேர்த்துவையுங்கள். மாணவர்களிடம் கேட்டால் தெரியாமல் தடுமாறி, பாடமாக ஒப்பிப்பார்கள்.

தங்குவதும் நடமாடுவதும்

வெளியூரார் அதிகம் தவறுவது இங்கேதான். அந்த ஊர் வீடு பெண்களின் இடம். உறவில்லாத ஆண்பிள்ளைகள் இரவு தங்குவது முறையல்ல, அதைக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தவும் கூடாது. பெண் மாணவிகள் வீடுகளில் தங்கலாம். ஆண் மாணவர்களும் ஆண் ஆசிரியர்களும் பள்ளி விடுதியிலோ மண்டபத்திலோ தங்கட்டும், சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டின் முன்கூடத்துக்கு வரட்டும். வீடுகளுக்கு இடையே ஓடும் குறுகிய சந்துகளை முடுக்கு என்பார்கள். பெண்கள் தெருவுக்கு வராமல் வீடுவிட்டு வீடு போக அவை. நம் பையன்கள் குறுக்குவழி என்று அதில் நுழைந்துவிடுவார்கள். முதல் நாள் மாலையே இணை மாணவர்களைக் கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னால் இந்தத் தவறு வராது.

பெரியவர்களை எல்லாம் "பாய்" என்று கூப்பிட வேண்டாம். அங்கே மூத்தவர் காக்கா, மூத்த பெண் லாத்தா, நண்பனின் பெற்றோர் வாப்பா, உம்மா. வணக்கம் சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. எதிர்ப்பாலாரிடம் கைநீட்ட வேண்டாம், அவர்கள் நீட்டினால் குலுக்கலாம். செல்பேசி பைக்குள் இருக்கட்டும். முகம் தெரியும் படம் எதுவானாலும் அவரிடமே கேட்டு எடுக்க வேண்டும், இணையத்தில் போட மறுபடி கேட்க வேண்டும். முடுக்கிலும் வீட்டின் உள்கட்டிலும் படமே கூடாது.

பள்ளிவாசல்

காலை 10 முதல் 11.30 வரை நல்ல நேரம். அசருக்கும் (பிற்பகல் தொழுகை) மஃரிபுக்கும் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) நடுவிலும் போகலாம். ஆனால் அசர் நேரம் ஊருக்கு ஊர் மாறும். கடலோரத்தில் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட மரபு), உள்நாட்டில் ராவுத்தர் எனும் தமிழ் முஸ்லிம்கள் வாழும் ஊர்களில் ஹனஃபி. ஹனஃபி கணக்கில் அசர் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கும். ஆகவே பாங்கு சொல்லும் மோதினாரிடம் அன்றைய கூட்டுத்தொழுகை நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளி நண்பகல் ஜும்ஆ எனும் கூட்டுத்தொழுகை நேரத்தில் பார்வையாளராகக் கூட்டமாகப் போக வேண்டாம்.

முழங்கால் மறையும் உடை, பெண்களுக்கு முக்காடு. செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவிவிட்டு ஏறுங்கள். ஹவுளில் (நீர்த்தொட்டியில்) ஒளு செய்பவர்களுக்கு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுபவர்களுக்கு நடுவே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது, பின்னால் சுற்றிப் போங்கள்.

பெண்கள் உள்ளே வரலாமா என்பதை முன்கூட்டி எழுத்தில் கேளுங்கள். பல பழைய பள்ளிவாசல்களில் அனுமதி இருக்காது. அப்படியானால் மாணவிகளிடம் ஊரிலேயே சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் அவர்களைப் பெண்கள் தைக்காவுக்கு அழைத்துப் போங்கள். வாசல்வரை கூட்டிப் போய் அங்கே நிறுத்துவதுதான் அவமானம். மாதவிலக்குக் குறித்து யாரையும் கேட்காதீர்கள். ஊர் முறையைப் பெண் ஆசிரியர் முன்னமே சொல்லிவைத்தால், வர விரும்பாதவர் காரணம் சொல்லாமல் வெளியே இருந்துகொள்ளலாம்.

கட்டடத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். காயல்பட்டினத்தின் பழைய பள்ளிவாசல்களிலும் கீழக்கரைப் பழைய ஜும்மாப் பள்ளிவாசலிலும் நிற்பவை நம் மண்டபங்களில் பார்க்கும் அதே வகைக் கல்தூண்கள், தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் அதே போதிகைகள். உருவங்கள் மட்டும் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும். கல்தச்சர் மரபு ஒன்றே என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். தமிழாசிரியர் உடன் வந்தால் உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலிருந்து நாட்டுப்படலப் பாடல்கள் இரண்டை அங்கே உட்கார்ந்து படிக்கலாம். அரபு நாட்டை வயலும் ஆறுமாகத் தமிழ்நாடு போலவே பாடியிருப்பார்.

ஒரே தட்டு

விருந்தில் சகன் வைக்கலாம். பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, சிலர் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து உண்பது. வலக்கை மட்டும், தன் முன்னால் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும், நடுவில் கைவிடக் கூடாது. பிறர் கைபட்ட தட்டில் உண்ணும் பழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இல்லை. அதன் பின்னால் எச்சில் கூச்சம் மட்டுமல்ல, சில இடங்களில் சாதியும் இருக்கிறது. அதை அங்கே போய்க் கண்டுகொள்வதைவிட, கிளம்பும் முன் உங்கள் பள்ளியிலேயே ஒரு நாள் நால்வர் சேர்ந்து ஒரு தட்டில் சாப்பிட்டுப் பாருங்கள். முடியாதவர் சொல்லட்டும், தனித்தட்டு கேட்பதில் குற்றமில்லை. சைவர்களை ஒரே சகனில் சேர்த்து உட்காரவையுங்கள்.

பணம் கொடுக்க முயலாதீர்கள், வாங்க மாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் உங்கள் ஊர்ப் பொருள் ஒன்று போதும்: கருப்பட்டி, பழம், நெய்த துண்டு. ஒரு வீட்டுக்குக் கூடினால் மற்ற மூன்று வீட்டுக்கும் குறைவாகத் தெரியும். சாமிப்படம் அச்சிட்ட நாட்காட்டியும் பையும் வேண்டாம்.

மேடை நிகழ்ச்சி அரை மணிக்கு மேல் கூடாது. சால்வை, பூச்செண்டு, சிறப்பு விருந்தினர் என்று தொடங்கினால் சனிக்கிழமை முற்பகல் முழுதும் போய்விடும், பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்தே திரும்புவார்கள். அந்த நேரத்தை இணைகளுக்கு ஒரு வேலையாகக் கொடுங்கள். இரு குடும்பத்திலும் கடல் கடந்து போனவர் யார், எங்கே, என்ன வேலை என்று இருவரும் சேர்ந்து விசாரித்து நான்கு பக்கம் எழுதட்டும். கொழும்பும் ஹாங்காங்கும் காயல் வீடுகளில் வரும். உங்கள் ஊரில் துபாயும் சிங்கப்பூரும் வரும். பாதியை அங்கே எழுதி, மீதியைத் திரும்பு பயணத்தில் முடிக்க வேண்டும்.

அவர்கள் வரும்போது

இரண்டு மாதத்துக்குள் நடக்கட்டும், தள்ளினால் தேர்வு வந்துவிடும். மாணவிகளோடு தாய்மார் இருவர் மூவர் வர விரும்புவார்கள். அவர்களுக்கும் இடம் போட்டுவையுங்கள். அவர்கள் வந்தால்தான் பெண்பிள்ளைகள் வர முடியும்.

தொழுகைக்கு ஒரு சுத்தமான அறை, பெண்களுக்குத் தனியாக இன்னொன்று. பக்கத்தில் குழாய், விரிக்கத் துவைத்த போர்வை. தொழும் திசை மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 20 பாகை. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவைத்தால் போதும். சுவரில் சாமிப்படம் இருந்தால் அந்த அறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிகழ்ச்சி நிரலில் லுஹர் (நண்பகல் தொழுகை), அசர், மஃரிப் மூன்றுக்கும் தலா 20 நிமிடம் விடுங்கள். பயணிகள் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு, ஆனால் மத்ஹபுக்கு மத்ஹப் அது வேறுபடும். "பயணத்தில் விட்டுவிடலாமே" என்று நாம் சொல்லக் கூடாது.

உணவில் சைவமே எளிது. கறி சமைத்தால் ஹலால் கடையில் வாங்கியது என்று முன்பே சொல்லுங்கள். மீன் யாருக்கும் சிக்கலில்லை. நண்டு, கணவாய் ஷாஃபிகள் உண்பார்கள், ஹனஃபி ஊரிலிருந்து வருபவர்கள் தவிர்ப்பார்கள். படைத்த பிரசாதத்தைச் சிலர் தொட மாட்டார்கள். படைக்காத பொங்கலை வேறு பாத்திரத்தில் எடுத்துவைத்து, எது எது என்று சொல்லிவிடுங்கள். திருநீறு, குங்குமத்தோடு யார் நெற்றிக்கும் கை போகக் கூடாது.

கோவிலுக்கு அழைப்பதானால் எதுவரை போகலாம் என்று அலுவலகத்தில் கேட்டுவையுங்கள். பல கோவில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர் செல்லக் கூடாது என்ற பலகை இருக்கிறது. மாணவிகள் பள்ளிவாசல் வாசலில் நிறுத்தப்படக் கூடாது என்று எவ்வளவு கவனமெடுத்தோமோ, அதே கவனம் இங்கேயும் வேண்டும். உள்ளே வர விரும்பாத விருந்தினருக்கு வெளிப்பிராகாரத்தில் உடன் உட்கார ஒரு இணை இருக்கட்டும்.

கோவிலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தை வீடுகளுக்குக் கொடுங்கள். எந்தத் தெரு வீடுகள் விருந்தினரை ஏற்கின்றன என்பதைக் கவனியுங்கள். பதினாறு மாணவர்களில் ஒரு சாதியார் வீடுகள் மட்டும் விருந்துக்குத் தேர்வானால் விருந்தினரும் அதைக் கவனிப்பார்கள். நான்கு வீடும் நான்கு தெருவில் இருக்கட்டும்.