இட்லி அடிவாரத்தில்தான்

ஏற்காட்டிலிருந்து வகுப்போடு சேலத்துக்குச் சிறுவர் நாடகம் பார்க்க இறங்குகிறீர்களா? டிபனை மேலே கொடுக்காதீர்கள். கிளம்பும்போது ஆளுக்கு இரண்டு பிஸ்கட் போதும். இட்லி அடிவாரம் வந்த பிறகு.

வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கண் முன்சீட்டையே பார்க்க, உள்காது மட்டும் வண்டி சுழல்வதை உணரும்; அந்த முரண்தான் குமட்டல். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, அதற்குத்தான் பிஸ்கட். அடிவாரத்தில் அரைமணி நேரம் நின்றால் கழிப்பறை வேலையும் முடிந்துவிடும். நாடகம் சினிமா இல்லை; பாதியில் நாலு பேர் எழுந்து போனால் மேடையில் நடிப்பவருக்கே கவனம் சிதறும்.

சேலம் டவுன் பள்ளிகளுக்கு இது தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு மருந்து எடுக்கவேண்டிய பிள்ளைகளுக்கு வழக்கமான நேரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.