ஆர்டரை நிறுத்துவது துணி மட்டுமல்ல

ஆடைத் தயாரிப்பில் சப்ளை எங்கே அறும் என்று பார்க்க, ஒரு ஸ்டைலுக்கான (ஒரு ஆடை வடிவமைப்புக்கான) எல்லாப் பொருட்களையும் எழுதுங்கள்: துணி, தையல் நூல், ஜிப், பட்டன், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை சப்ளையர், வந்துசேர எத்தனை நாள், மாற்றுப் பொருளுக்கு பையரின் (ஆர்டர் கொடுத்த நிறுவனத்தின்) ஒப்புதல் உண்டா என்று குறியுங்கள். ஒரே சப்ளையர், அதிக நாள் இரண்டும் சேரும் இடத்தை முதலில் கவனியுங்கள். அது ஜிப்பாகவோ லேபிளாகவோ கூட இருக்கலாம். இரண்டு சப்ளையர் இருந்தும் இருவரும் ஒரே சாயப்பட்டறையை நம்பியிருந்தால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

அடுத்தது தையல் யூனிட். ஒரு நாளில் அது எத்தனை தைக்க முடியும் என்பதை யாரும் சொல்லக் கேட்காமல் நீங்களே கணக்கிடுங்கள். 40 மெஷின், தலா 480 நிமிடம் என்றால் ஒரு நாளுக்கு 19,200 நிமிடம். 50 சதவீதத் திறனில் 9,600. ஒரு சட்டைக்கு 16 நிமிடம் தேவைப்பட்டால் 600 சட்டைதான் வரும். யூனிட் 1,000 தருவதாகச் சொன்னால், மீதி எங்கே தைக்கப்படுகிறது என்று கட்டாயம் கேளுங்கள். சொல்லாமல் வெளியே போகும் வேலையில் தரமும் தெரியாது, தொழிலாளர் பாதுகாப்பும் தெரியாது.

சாய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணி) மாறினால் நிறம் மாறலாம். கட்டிங்குக்கு முன்பே ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு வெட்டி, ஒரே வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.