ஜிசிஎஸ்இ கணிதத்தில் தரம் 4 இல்லாதவர் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிப்பது எப்படி?

இங்கிலாந்தில் மாணவர்கள் பெரும்பாலும் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் கணிதத்திற்கு 9 முதல் 1 வரை தரம் இடப்படுகிறது; அதில் 4 என்பது பழைய ‘சி’ தரத்திற்கு இணையான தேர்ச்சி. பதினெட்டு வயதளவில் எழுதும் பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் மதிப்பெண்களோடு இதையும் பல பட்டப்படிப்புகள் கேட்பதால், 3 வாங்கிய பிள்ளைக்கு இனிப் பல்கலைக்கழகமே இல்லை என்று பல குடும்பங்கள் முடிவு கட்டிவிடுகின்றன. அது தவறான முடிவு.

முதலில், நீங்கள் விரும்பும் ஒவ்வொரு படிப்பின் சேர்க்கைத் தகுதியையும் தனித்தனியே படியுங்கள். எல்லாப் படிப்புகளுக்கும் பொதுவான கணித விதி கிடையாது. பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகமே முடிவு செய்கிறது. ஆசிரியர் பயிற்சி இதற்கு விலக்கு: அங்கே ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தரம் 4 அல்லது அதற்கு இணையான தகுதியை அரசே கட்டாயமாக்கியுள்ளது.

அடுத்து, சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். தரம் 4 கட்டாயமா, அதற்குப் பதிலாக அன்றாடத் தேவைக்கான கணிதத்தைச் சோதிக்கும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற தேர்வில் இரண்டாம் நிலைத் தேர்ச்சி போதுமா, விண்ணப்பிக்கும்போதே அது கையில் இருக்க வேண்டுமா அல்லது படிப்பு தொடங்கும் முன் பெற்றால் போதுமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், தங்கள் பத்தாம் வகுப்பு அல்லது சாதாரண தரக் கணிதப் பெறுபேறு ஏற்கப்படுமா என்பதையும் இதிலேயே கேட்டுவிடலாம். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் கிடைக்கும் வாக்குறுதியை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

மூன்றாவது படி, வழியைத் தேர்ந்தெடுப்பது. தரம் 3 உள்ளவர்களுக்கு மறுதேர்வையே நான் முதலில் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதை ஏற்க மறுக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆகஸ்ட் 31க்குள் பதினாறு வயது நிறைந்தவர்கள் அந்த ஆண்டின் நவம்பரிலேயே எழுதலாம். முடிவு ஜனவரியில் வந்துவிடும். இந்தத் தேர்வின் இரு நிலைகளில் எளிதான ஃபவுண்டேஷன் நிலைத் தாள்களிலேயே தரம் 5 வரை பெற முடியும் என்பதால், கடினமான ஹையர் நிலைக்குப் போக வேண்டியதில்லை. பெரும்பாலான மாணவர்கள் எழுதும் தேர்வு வாரியங்களில் ஒன்றரை மணி நேரத் தாள்கள் மூன்று; ஒவ்வொன்றுக்கும் 80 மதிப்பெண்; அவற்றில் ஒன்றில் கால்குலேட்டர் கூடாது. இந்த நிலையில் ஏறத்தாழ பாதி மதிப்பெண்கள் எண்களிலிருந்தும் விகிதம், விழுக்காடு சார்ந்த பகுதியிலிருந்தும் வருகின்றன. ஆகவே இயற்கணிதத்தைக் கண்டு அஞ்சுபவர்கள்கூட பின்னம், விழுக்காடு, விகிதம் ஆகியவற்றைக் கால்குலேட்டர் இல்லாமல் திருத்தமாகச் செய்யப் பழகினால், தரம் 4 எட்டும் தூரத்திற்கு வந்துவிடும். பள்ளியை விட்டு வெளியேறியவர்கள் தனித்தேர்வராக எழுத ஒரு தேர்வு மையத்தை முன்கூட்டியே தேடிக்கொள்ள வேண்டும். தரம் 4 இல்லாத, 19 வயது கடந்தவர்களுக்கு இங்கிலாந்துக் கல்லூரிகளில் இந்தப் பாடம் பொதுவாக இலவசம்.

மறுதேர்வு ஒத்துவராவிட்டால், பட்டப்படிப்போடு இணைந்த, முதலாண்டுக்கு முன் ஆயத்தமாகப் படிக்கும் ஃபவுண்டேஷன் ஆண்டைப் பாருங்கள். பணிக்குப் போய்விட்ட பெரியவர்களுக்கு, பல்கலைக்கழகத்தில் சேர ஆயத்தமாக்கும் அக்ஸஸ் டிப்ளமாவும் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகமான ஓப்பன் யூனிவர்சிட்டி, பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு முன்தகுதி எதையும் கேட்பதில்லை.

பிறகு, பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியே விண்ணப்பம். அதில் ஐந்து படிப்புகள் வரை குறிப்பிடலாம். அவற்றில் ஓரிரண்டாவது கணிதத்தைக் கேட்காத படிப்புகளாக இருக்கட்டும். பெற்ற தரத்தை மறைக்காமல் எழுதி, எழுதவிருக்கும் மறுதேர்வை முடிவு வராத தகுதியாகத் தனியே சேர்க்க வேண்டும். மறைத்தது பின்னர் தெரியவந்தால் கிடைத்த இடமே பறிபோகலாம். 4,000 எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டிய தன்விளக்கத்தை (பர்சனல் ஸ்டேட்மென்ட்) கணிதத்திற்குச் சமாதானம் சொல்வதில் செலவழிக்காதீர்கள். நோய், குடும்பத்தில் இழப்பு போன்ற காரணம் இருந்திருந்தால், ஆசிரியர் எழுதும் பரிந்துரையில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அவரிடம் முன்பே சொல்லுங்கள்.

கணிதத்தை நிபந்தனையாக வைத்து இடம் வழங்கப்பட்டால், முடிவு வந்த அன்றே சான்றை நீங்களே பல்கலைக்கழகத்திற்கு அனுப்புங்கள். ஏ லெவல் முடிவுகளைப் போல ஜிசிஎஸ்இ முடிவுகளை யூகாஸ் அனுப்பிவைப்பதில்லை.