டி-ஷர்ட் பிரிண்ட் ஓரம் தூக்காமல் இருக்க

டிடிஎஃப் ஃபிலிமை (படத்தை அச்சிட்டு, சூட்டில் துணிக்கு மாற்றும் ஃபிலிம்) வைப்பதற்கு முன், வெறும் டி-ஷர்ட்டை மட்டும் ஹீட் பிரஸ்ஸில் (சூடான தகட்டால் அழுத்தும் இயந்திரம்) 5 முதல் 10 விநாடி அழுத்தி எடுங்கள். பிரஸ்ஸைத் திறந்ததும் லேசாக ஆவி பறக்கும். அது அடங்கிய பிறகு ஃபிலிமை வையுங்கள்.

பருத்தி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் நூலுக்குள் அதன் எடையில் 7, 8 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். சூட்டில் அது ஆவியாகிக் கிளம்பும்போது, ஃபிலிமின் பின்னால் உருகும் பசைத்தூள் துணியைச் சரியாகப் பிடிக்காது. இரண்டு துவைப்பிலேயே எழுத்தின் முனை தூக்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் இந்தப் பத்து விநாடியை விடவே விடாதீர்கள், ஒரு ஃபிலிம் வீணானால் சட்டையும் சேர்ந்து போகும். சுருக்கமும் இதிலேயே நீங்கிவிடும்.

பாலியஸ்டர் ஜெர்சிக்கு இது வேண்டாம். அது ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. கூடுதல் சூடு பட்டால் பிரஸ் தகட்டின் அச்சு பளபளவென்று விழும், துணியின் அடர்நிறச் சாயம் பிரிண்டின் வெள்ளை மையில் ஏறிவிடும்.