ஒரு கப்பல், மூன்று வகுப்புகள்: கடல் கடந்து போனவர்களின் வரலாற்றை எப்படிச் சொல்லித் தருவது?

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலம்பெயர்வு பற்றிப் பாடம் எடுக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நூலக வகுப்பு நடத்துபவரும் செய்யலாம். தேவையானவை உலக வரைபடம் ஒன்று, சாக்பீஸ், அளவு நாடா, சில வெள்ளைத்தாள்கள். புரொஜெக்டர் இல்லாமலே மூன்று வகுப்புகளில் நடத்திவிடலாம்.

படி 1: ஒரே ஒரு கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

மொரீஷியஸ், பிஜி, மலேயா, பர்மா, இலங்கை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் பிள்ளைகள் மனதில் ஊர்ப் பெயர்கள்தான் மிஞ்சும். ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக வந்து சேரும்.

என் தேர்வு 'ட்ரூரோ'. 1860 அக்டோபர் நடுவில் சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதி அப்போது பிரிட்டிஷ் காலனி. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். அங்கிருந்த சூலு மக்கள் தங்கள் நிலத்தை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை 1830களிலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. அதற்கு மாற்றாக மொரீஷியஸ் முதலிய இடங்களில் நடந்துவந்த ஒப்பந்தக் கூலிமுறையை (இத்தனை வருடம் வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துப் போவது) நேட்டாலும் எடுத்துக்கொண்டது. 1860 முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இப்படி அங்கே போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக.

உங்களுக்கு இவ்வளவு பின்னணி போதும். இதையே முதல் வகுப்பில் கொட்டிவிடாதீர்கள்.

படி 2: வரைபடமும் நூலும்

வரைபடத்தில் சென்னையிலும் டர்பனிலும் குண்டூசி குத்தி, நூல் கட்டச் சொல்லுங்கள். நூல் தென்னிந்திய நிலத்தின் மேலேயே போகும். கப்பல் தரையில் ஓடாதே என்று யாராவது சிரிப்பார்கள். வளைத்துக் கட்டட்டும். நிலநடுக்கோடு எங்கே குறுக்கிடுகிறது, நவம்பரில் டர்பனில் என்ன பருவம் (கோடைத் தொடக்கம்) என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

படி 3: 'ஏன் ஏறினார்கள்?'

பதிலைக் கரும்பலகையில் எழுதிவிடாமல் பிள்ளைகளை ஊகிக்க விடுங்கள். பஞ்சம், கடன், நிலமின்மை, சாதிக் கொடுமை, வீட்டுச் சண்டை, ஆள்பிடிப்பவரின் ஆசை வார்த்தை என்று வரும். எல்லாமே உண்மைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சென்னை மாகாணத்தின் பெரும் பஞ்சம் 1876-78. ட்ரூரோ அதற்குப் பதினாறு வருடம் முந்தியது. 'தாது வருஷப் பஞ்சத்தால் போனார்கள்' என்று இந்தக் கப்பலுக்குச் சொல்லிவிடக் கூடாது.

'ஏமாற்றிக் கூட்டிப் போனார்களா, விரும்பிப் போனார்களா?' என்ற கேள்வி கட்டாயம் வரும். இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவைக்காதீர்கள். விரும்பிக் கைநாட்டு வைத்தவருக்கும் என்ன காகிதத்தில் வைக்கிறோம் என்பது முழுக்கத் தெரிந்திருக்காது.

படி 4: தரையில் கப்பல்

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவாகத்தான் இருக்கும், நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த சட்டம், கப்பலில் வயது வந்த ஒருவருக்கு 72 கன அடி இடம் என்று வைத்தது. சிறு பிள்ளைகள் இரண்டு பேரை ஒருவராகக் கணக்கிட்டார்கள். 72 கன அடி என்றால் எவ்வளவு? ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஆறடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறுக்கு இரண்டு அடிக் கட்டங்கள் பத்தை ஒட்டி ஒட்டிச் சாக்பீஸால் வரையுங்கள். பத்துப் பேர் தங்கள் பையோடு அதில் படுக்கட்டும். யாராவது புரண்டு படுத்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால்? அப்புறம் கணக்கு: 20க்கு 20 அடி வகுப்பறையில் 33 பேர்தான் படுக்க முடியும். 342 பேருக்கு இப்படிப் பத்து அறைக்கு மேல் வேண்டும். ட்ரூரோ கிளம்பிய நேரத்துக்குப் பிந்திய சட்டம் இது என்பதையும் சொல்லிவிடுங்கள். நாம் செய்வது அளவு பிடிபடுவதற்காக.

படுத்திருக்கும்போதே மற்றதைச் சொல்லலாம். இத்தகைய கப்பல்களில் தனி ஆண்கள் ஒரு பக்கம், குடும்பங்கள் நடுவில், தனியாக வந்த பெண்கள் இன்னொரு பக்கம். சாப்பாடு அரிசி, பருப்பு, கருவாடு, புளி. ஒரு டாக்டர் உண்டு. காலராவும் வயிற்றுக்கடுப்பும் பரவினால் அவரால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். தனித்தனி அடுப்பு கிடையாது, ஒரே சமையல்தான். ஊரில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்காதவர்கள் இங்கே என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டால் பேச்சு நிற்காது.

ஒரு எச்சரிக்கை. சவுக்கு, சங்கிலி வைத்து நாடகம் போடாதீர்கள். சிரிப்பில்தான் முடியும், அல்லது ஏதோ ஒரு பிள்ளை வருத்தப்படும். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் அட்லாண்டிக் அடிமைக் கப்பல் படத்தைக் கூலிக் கப்பல் என்று காட்டுவதும் வேண்டாம். அது வேறு வரலாறு, அதற்குத் தனி வகுப்பு வேண்டும்.

படி 5: பயணிகள் பட்டியல்

நேட்டாலுக்குப் போன ஒவ்வொரு கப்பலுக்கும் பட்டியல் எழுதினார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள். அந்த எண்தான் காலனியில் அவருக்கு ஆயுசு முழுக்க அடையாளம். இன்று டர்பனில் வேர் தேடும் குடும்பங்கள் முதலில் தேடுவதும் அந்த எண்ணைத்தான்.

வெற்றுத்தாளில் இந்தக் கட்டங்களைப் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொருவரும் கற்பனையாக ஒரு பயணியைப் படைத்து நிரப்பட்டும். சாதிக் கட்டத்தை மட்டும் நான் நிரப்பச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு கட்டம் இருந்தது என்று சொல்லிவிட்டுக் கோடு போட்டு விடலாம். வகுப்பில் அது யாரையாவது குத்தும்.

பிறகு தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: இந்தத் தாளை வைத்து இவரைப் பற்றி என்ன தெரிகிறது? எதை எழுத்தர் கேட்கவே இல்லை? வீட்டில் யாரை விட்டு வந்தார், யாருக்குக் கடன், எப்போது திரும்ப நினைத்தார். அரசாங்கத்துக்கு எது தேவைப்பட்டதோ அதுதான் தாளில் இருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருங்கள், நீங்களே சொல்லிவிடாதீர்கள்.

படி 6: ஒப்பந்தத்தைக் கணக்காகப் போடுங்கள்

ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஐந்து வருடத்தில் மொத்தம் எவ்வளவு? 720 ஷில்லிங், அதாவது 36 பவுண்டு. இது தாளில் உள்ள கூலிதான். வேலைக்கு வராத நாளுக்குப் பிடித்தம் போனது போக, கைக்கு வந்தது வேறு.

இப்போது அடுத்த எண்ணைக் கொடுங்கள். 1895இல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது: ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல் அங்கேயே இருப்பவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். அதாவது 60 ஷில்லிங். ஐந்தாம் வருடக் கூலி மாதம் 14 ஷில்லிங் என்றால் நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். பிள்ளைகள் கணக்குப் போட்டு முடித்ததுமே சட்டத்தின் நோக்கம் புரிந்துவிடும்.

படி 7: எதிர்த்து நின்றவர்களைச் சேர்க்காமல் முடிக்காதீர்கள்

கப்பலும் கண்ணீரும் மட்டும் சொன்னால் போனவர்கள் எல்லாம் வாயில்லாப் பூச்சிகள் என்று ஆகிவிடும். 1871இல் 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற கப்பலில் நேட்டாலிலிருந்து சென்னைக்குத் திரும்பியவர்கள் தங்களை நடத்திய விதத்தைப் பற்றி அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள். அதன் பிறகு நேட்டால் ஒரு விசாரணைக் குழு போட்டுச் சீர்திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று. இடையில் நின்றுபோயிருந்த ஆள் அனுப்பலை 1874இல்தான் இந்திய அரசு மறுபடி அனுமதித்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் சொன்ன சாட்சியத்துக்கு இவ்வளவு பலன் இருந்தது.

1913இல் அதே 3 பவுண்டு வரியை எதிர்த்து நேட்டாலின் சுரங்கத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். காந்தி பெயர் எல்லாருக்கும் தெரியும். சிறை சென்று, வெளியே வந்த சில நாளில் 1914 பிப்ரவரியில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16தான் என்று சொல்லுங்கள். உங்கள் வகுப்பின் அக்காமார் வயது. வரி அதே ஆண்டில் நீங்கியது.

வீட்டுப்பாடம்

வீட்டில், தெருவில் யாராவது இலங்கை, பர்மா, மலேயா போய் வந்திருந்தால் கேட்டு எழுதி வரட்டும். எந்தத் துறைமுகம், யாரோடு, பெட்டியில் என்ன, முதல் நாள் இரவு எங்கே தூங்கினார் என்ற நாலு கேள்வி போதும். நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வரை போன 'ரஜுலா' கப்பலின் டெக்கில் படுத்து வந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்படி ஒரு தாத்தா கிடைத்தால், அடுத்த வகுப்பை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.