யூத் கிளப்புல பிள்ளைய சேத்துட்டு நாம பண்ற தப்புங்க

எங்க சபை யூத் கிளப்புல வசனம் கேக்குற வேலை என்னோடது. பிள்ளைங்க ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து உக்காந்து அந்த வாரத்து மனப்பாட பைபிள் வசனத்த சொல்லுவாங்க, தடுமாறினா ரெண்டு தடவ எடுத்துக் குடுக்கலாம், மூணாவது தடவையும் நின்னுட்டா அடுத்த வாரம் வான்னு அனுப்பணும், சரியா சொன்னா புக்குல கையெழுத்து. ஒருநாள் ஒரு பொண்ணு, பத்து வயசு இருக்கும், ஒரு எழுத்து பிசகாம சொல்லிட்டே போகுது, ஆனா கண்ணு என்னைப் பாக்கல, என் தோளுக்குப் பின்னாடி எங்கயோ பாக்குது. திரும்பிப் பாத்தா ஜன்னலுக்கு வெளிய அவங்க அப்பா நின்னு உதட்ட அசைச்சுட்டு இருக்காரு. சிரிப்பு வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு தான் உறைச்சுது, நானும் என் பையனுக்கு இதையே தான் பண்ணிட்டு இருந்தேன், என்ன, ஜன்னலுக்கு பதிலா கார்.

கிளப் வாசலுக்கு வர்ற கடைசி பத்து நிமிஷத்துல வண்டியில வச்சு வசனத்த திணிக்கறது இருக்கே, அதுதான் நான் பாத்த வரைக்கும் ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு. பிள்ளை உள்ள போய் ஒப்பிச்சுட்டு கையெழுத்து வாங்கிடும், ராத்திரி தூங்குறதுக்குள்ள பாதி போயிடும். எப்பிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1885லயே இத தன்னை வச்சே சோதிச்சு எழுதிட்டாரு, ஒரே மூச்சுல படிச்சது வேகமா மறக்கும், இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப பாத்தது நிக்கும்னு. ஆக ஒரு நாளைக்கு ரெண்டே நிமிஷம் போதும். பல்லு விளக்கும்போது கண்ணாடில ஒட்டி வச்ச சீட்டு, படுக்கப் போறப்ப ஒரு தடவ, அவ்வளவுதான். இதுல கொஞ்சம் வெக்கமான விஷயம் என்னன்னா உபாகமம் 6:7 இதே டைம்டேபிள தான் சொல்லுது, வீட்டுல உக்காரும்போது, வழியில நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போதுன்னு. கிளப் வாசல்ல வண்டிய நிறுத்தும்போதுன்னு எங்கயும் இல்ல.

அடுத்தது பேட்ஜ். கிளப்புல பேட்ஜ், பாயிண்ட், கப் எல்லாம் இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு அது ஒரு குஷி, அதுல தப்பில்ல. பிரச்சனை நாம அதுமேல இன்னொரு அடுக்கு போடும்போது ஆரம்பிக்குது, அஞ்சு வசனம் முடிச்சா சைக்கிள், பத்து முடிச்சா டேப்லெட்னு. 1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் நர்சரி பிள்ளைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஏற்கனவே படம் வரைய ஆசப்படுற பிள்ளைங்க தான், அதுல ஒரு குரூப்புக்கு மட்டும் வரைஞ்சா சர்டிபிகேட் தருவோம்னு முன்னாடியே சொல்லிட்டு குடுத்தாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விளையாட விட்டா, அந்த குரூப் மத்தவங்கள விட பாதி நேரம் தான் வரைஞ்சுச்சு. எதிர்பாக்காம திடீர்னு பரிசு கிடைச்ச பிள்ளைங்களுக்கு ஆர்வம் குறையல. படம் வரையறதுக்கே இப்படின்னா வேதம் படிக்கறதுக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. இதுலயே இன்னொன்னு, பக்கத்து வீட்டு பிள்ளை மூணாவது புக்குல இருக்கா, நீ இன்னும் முதல் புக்கான்னு கேக்குற பெத்தவங்க. ஸ்கூல் ரேங்க் கார்டு ஒண்ணு போதாதா, சபைக்கு வந்துமா?

ஒப்பிக்கறதும் புரியறதும் வேறன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் வீட்டுல யாரும் கேக்கறதில்ல. வேதத்துலயே ரொம்ப சின்ன வசனங்கள்ல ஒண்ணு யோவான் 11:35, இயேசு அழுதார்ங்கறது. நோகாம கையெழுத்து வாங்கலாம்னு பசங்க அதத்தான் முதல்ல எடுப்பாங்க. ஒருத்தன் சொல்லி முடிச்சதும் ஏன்டா அழுதாருன்னு கேட்டேன், முழிச்சான். அவரோட ஃப்ரெண்டு லாசரு செத்துப்போயிட்டான், அழுதுட்டு இருக்குற அக்கா தங்கச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல தானே அவன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதாரு பாருன்னு சொன்னதும் அவன் கேட்டான், அப்ப எழுப்பப் போறாருன்னா எதுக்கு அழணும்? நல்ல கேள்வி. அவன் அன்னைக்கு வீட்டுக்குப் போய் அவங்க அம்மாகிட்டயும் இதக் கேட்டிருக்கான், அவங்க அதெல்லாம் அப்படிக் கேக்கக் கூடாது, விசுவாசிக்கணும்னு சொல்லிட்டாங்களாம், அவன் தான் அடுத்த வாரம் வந்து சொன்னான்.

இந்த கேக்கக் கூடாது தான் மத்த எல்லாத்தையும் விட பெரிய தப்புன்னு எனக்குப் படுது. பன்னெண்டு பதிமூணு வயசுல சந்தேகம் வராத பிள்ளை இல்ல. தாத்தாவுக்காக அவ்வளவு ஜெபம் பண்ணோமே ஏன் போயிட்டாரு, மத்த மதத்து ஃப்ரெண்டு எங்க போவான், இப்படி. நாம பதறிப்போய் ஒரு வசனத்த எடுத்து வாய அடைச்சோம்னா கேள்வி போயிடாது, நம்மகிட்ட வர்றது மட்டும் நின்னுடும். எனக்கும் தெரியல, சேந்து பாப்போமான்னு சொல்றதுல நம்ம மரியாதை ஒண்ணும் குறையாது. லூக்கா 2ல பன்னெண்டு வயசு இயேசு தேவாலயத்துல என்ன பண்ணிட்டு இருந்தாருன்னு பாருங்க, போதகர்கள் நடுவுல உக்காந்து அவங்க பேசறதக் கேட்டுட்டும் அவங்கள கேள்வி கேட்டுட்டும் இருந்தாரு.

அதே கதையில பெத்தவங்களுக்கு இன்னொரு பாடம் இருக்கு, அத யாரும் பிரசங்கத்துல பெருசா எடுக்கறதில்ல. பிள்ளை தேவாலயத்துலயே நின்னுட்டது தெரியாம யோசேப்பும் மரியாளும் ஊருக்குத் திரும்பி ஒரு நாள் பூரா நடந்துட்டாங்க, கூட்டத்தோட தான் வரான்னு நினைச்சுட்டு. நாமளும் அப்படித்தான், கிளப்புல விட்டாச்சு, பாஸ்டர் பாத்துக்குவாரு, லீடர் பாத்துக்குவாங்கன்னு. வாரத்துக்கு 168 மணி நேரம், அதுல கிளப் ஒண்ணர ரெண்டு மணி நேரம். மிச்சம் யார்கிட்ட இருக்கு? 1780 வாக்குல ராபர்ட் ரெய்க்ஸ் இங்கிலாந்துல குளோஸ்டர்ல ஞாயிறு பள்ளி ஆரம்பிச்சப்ப அது வாரம் பூரா வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைங்களுக்கு, எழுதப் படிக்க அந்த ஒரு நாள் தான் கிடைச்சுது, பெத்தவங்களால சொல்லிக் குடுக்க முடியாத நிலைமை. நமக்கு அந்த நிலைமை இல்ல, நேரம் இல்லன்னு ஒரு பேச்சு மட்டும் இருக்கு.

சில பேர் இதுக்கு நேர் எதிர். கிளப்புல எப்பப் பாத்தாலும் விளையாட்டு தான், வேதம் எங்க சொல்லித்தராங்கன்னு லீடர்கிட்ட சண்டைக்கு நிப்பாங்க. 1883ல கிளாஸ்கோல வில்லியம் ஸ்மித்னு ஒரு ஞாயிறு பள்ளி டீச்சர் பாய்ஸ் பிரிகேட்ங்கற பசங்க அமைப்ப ஆரம்பிச்சதுக்கு காரணமே, பெரிய பசங்க வெறும் கிளாஸ்ல அடங்கி உக்காரல, டிரில்லும் விளையாட்டும் சேத்தா தான் வந்தாங்கங்கறது தான். ஆட்டத்துல தோத்தப்ப கோவத்த அடக்கறது, சரியா ஓட முடியாத பையன டீம்ல சேத்துக்கறது, இதெல்லாம் கிளாஸ்ல போர்டுல எழுதி வராது. விளையாட்டு நேரத்த வெட்டி நேரம்னு நினைச்சு பிள்ளைய லேட்டா கொண்டு வந்து விடுறவங்களுக்கு இது. அப்படி லேட்டா வர்ற பிள்ளை எந்த டீம்லயும் ஒட்டாம ஓரமா நிக்கும், அப்புறம் எனக்கு கிளப் பிடிக்கலன்னு சொல்லும், நாம கிளப்ப குறை சொல்லுவோம்.

மார்க் குறைஞ்சா இந்த வாரம் கிளப் கட்னு சொல்றது இன்னொன்னு. தண்டனையா எத வேணாலும் பிடுங்குங்க, இத வேணாம். அவனுக்கு அப்பா அம்மாவத் தவிர வேற ஒரு பெரியவர்கிட்ட மனசு விட்டுப் பேச இருக்குற இடம் அது ஒண்ணு தான்னு வச்சுக்கோங்க, கஷ்டத்துல இருக்குற வாரத்துல போய் அதையா பிடுங்கறது? இதோட தம்பி தான் லீடர போலீஸா ஆக்கறது. ப்ரதர், நீங்க சொன்னா கேப்பான், மொபைல கீழ வைக்கச் சொல்லுங்கன்னு வாசல்லயே, அதுவும் அவன பக்கத்துல வச்சுக்கிட்டே. அதுக்கப்புறம் அந்தப் பையன் அந்த லீடர்கிட்ட வாயத் திறப்பானா?

வாயத் திறக்கறதப் பத்தி பேசும்போது ஜெபக் குறிப்பையும் சொல்லணும். சின்ன குரூப்புல பிள்ளைங்க வட்டமா உக்காந்து ஜெபத்துக்குன்னு எதாவது சொல்லுவாங்க, வீட்டுல அப்பா அம்மா சண்டை, ஸ்கூல்ல ஒருத்தன் அடிக்கறான், இந்த மாதிரி. வண்டில ஏறினதும் நாம, இன்னைக்கு யார் என்ன சொன்னாங்கன்னு நோண்டுவோம், அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அது நாலு பேருக்குப் போயிருக்கும், எல்லாம் அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்கங்கற பேர்ல. வம்புக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டா ஜெபம் ஆகிடாதுங்க. மத்த பிள்ளைங்க சொன்னத கேக்காதீங்க, இன்னைக்கு உனக்கு எது சிரிப்பு வந்துச்சு, எது போர் அடிச்சுதுன்னு கேளுங்க, அதுலயே எல்லாம் வந்துடும்.

இப்ப பாதுகாப்பு. நம்ம சபை ஆளுங்க தானேன்னு எதையும் கேக்காம விடுறது பெரிய தப்பு, ஒழுங்கா நடக்குற கிளப்புல கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க. பிள்ளைங்களோட எப்பவும் ரெண்டு பெரியவங்களாவது இருக்காங்களா, ஒருத்தர் மட்டும் ஒரு பிள்ளையோட கதவ சாத்திட்டு உக்காருற பழக்கம் இல்லையே, வாலண்டியர்ங்கள சேக்கறதுக்கு முன்னாடி விசாரிக்கறாங்களா, பிள்ளைக்கு தனியா மெசேஜ் போடுறாங்களா இல்ல பெத்தவங்களும் இருக்குற குரூப்லயா, கேம்ப்புல யார் யார் எங்க தூங்குவாங்க, முடிஞ்சதும் பிள்ளைய யார்கிட்ட ஒப்படைப்பாங்க. இத்தனையும் கேளுங்க. எல்லாத்துக்கும் மேல, பிள்ளை திடீர்னு அந்த அங்கிள் இருந்தா போகமாட்டேன்னு சொன்னா, அவர் எவ்வளவு நல்லா ஜெபிக்கறவர் தெரியுமான்னு ஆரம்பிக்காதீங்க. முதல்ல கேளுங்க, நம்புங்க. தப்பா எதாவது நடந்திருக்குன்னு தெரிஞ்சா சபை பேர் கெட்டுப்போகும்னு உள்ளுக்குள்ள பேசி முடிக்க நினைக்காம சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்துல சொல்லணும். நம்ம பங்குக்கு அலர்ஜி, மருந்து, அவசரத்துக்கு கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் ஃபார்ம்ல ஒழுங்கா எழுதணும், பாதி பேர் அவசரத்துல காலியா விட்டுடுவாங்க. மத்த பிள்ளைங்க இருக்குற ஃபோட்டோவ அவங்க வீட்டுல கேக்காம ஸ்டேட்டஸ்ல போடறதும் கூடாது.

படிக்க சிரமப்படுற பிள்ளைன்னா, எழுத்து குழம்புதுன்னா, கூட்டம் சத்தம் ஆகாதுன்னா லீடர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மறைச்சு வச்சா அந்தப் பிள்ளைய சோம்பேறின்னு நினைச்சுடுவோம். தெரிஞ்சா வசனத்த ரெண்டா உடைச்சுக் குடுப்போம், பாட்டா சொல்லச் சொல்லுவோம், வழி இருக்கு. அதே மாதிரி வேற நம்பிக்கையில இருக்குற ஃப்ரெண்ட உங்க பிள்ளை கூட்டிட்டு வரேன்னு சொன்னா, அங்க என்ன நடக்கும்னு அந்தப் பிள்ளையோட வீட்டுல நீங்களே நேரா சொல்லி சம்மதம் வாங்குங்க. சும்மா விளையாட்டு கிளப் தான்னு சொல்லி கூட்டிட்டு வர்றது பொய், வேற பேர் கிடையாது.

ஞானஸ்நானம், திடப்படுத்தல் (விசுவாசத்த சபை முன்னாடி உறுதி பண்ற சடங்கு), மேடையேறி சாட்சி சொல்றது இதுக்கெல்லாம் அவசரப்படுத்தாதீங்க. கேம்ப் கடைசி ராத்திரி இயேசுவ ஏத்துக்கறேன்னு பையன் கை தூக்கல, மத்த பிள்ளைங்கெல்லாம் தூக்கிருச்சுன்னு வீட்டுல வந்து அழுத அம்மாவ எனக்குத் தெரியும், பையன் அடுத்த வருஷம் கேம்ப்புக்கே வரல.

என் கதைக்கு வரேன். ஒருநாள் கிளப்புக்குப் போற வழியில வழக்கம்போல வண்டில வசனத்த திணிச்சுட்டு இருக்கேன், பையன் அமைதியா கேட்டான், அப்பா நீங்க ஒண்ணு சொல்லுங்க. எதுன்னு கேட்டேன், எதாவதுன்னான். யோவான் 3:16 சொன்னேன், அது எல்லாருக்கும் தெரியும் வேறன்னான். எனக்கு வாயில வரல, அதுவும் வாராவாரம் இத்தனை பிள்ளைங்களுக்கு கேட்டு கையெழுத்து போடுற எனக்கு. சிக்னல்ல நின்னுட்டு இருக்கோம், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான், சிரிச்சானா என்னன்னு தெரியல. அன்னையிலருந்து அவன் படிக்கற வசனத்தையே நானும் படிக்கறேன், தூங்கப் போறதுக்கு முன்னாடி அவன் கட்டில்ல உக்காந்து மாத்தி மாத்தி கேட்டுக்குவோம். இந்த வாரம் யோவான் 15:5, கொடியும் செடியும் எனக்கு முன்னபின்னயா வருது, அவன் ரெண்டு தடவ தான் எடுத்துக் குடுப்பேன், ரூல்ஸ் ரூல்ஸ் தான்னு சொல்லிட்டான்.