காபனீரொட்சைட்டு திடீரென இறங்கியபோது

மட்டக்களப்பில் குறைமாதப் பிள்ளைகளைப் பராமரிக்கும் தாதி நான். வென்டிலேட்டரில் இருந்த ஒரு பிள்ளையின் மார்பில் ஒட்டிய, தோலின் வழியாக இரத்த வாயுக்களை அளக்கும் உணரி, காபனீரொட்சைட்டு அழுத்தம் 48 மில்லிமீற்றர் இரசத்திலிருந்து 20க்குக் கீழே மளமளவென்று இறங்குவதாகக் காட்டியது. பிள்ளையின் நிறத்திலும் நெஞ்சின் அசைவிலும் மாற்றமே இல்லை. அந்த எண்ணை நம்பி வென்டிலேட்டரைக் குறைத்தால், இரத்தத்தில் காபனீரொட்சைட்டு உண்மையில் ஏறிவிடும். அதுதான் பயம்.

எங்கள் உணரி ஒட்சிசனையும் அளக்கும். அது 150ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அறைக் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் ஏறத்தாழ அவ்வளவுதான், காபனீரொட்சைட்டோ இல்லாத மாதிரி. அப்படியென்றால் உணரியைத் தோலோடு பிடித்து வைக்கும் ஒட்டு வளையத்துக்குக் கீழே காற்றுப் புகுந்திருக்கிறது. இன்குபேட்டரின் ஈரப்பதனில் ஒட்டு இளகிவிடுவது வழக்கம்தான்.

வைத்தியரிடம் சொல்லிவிட்டு வளையத்தை மெதுவாக உரித்தேன். இதில் மட்டும் அவசரமே கூடாது, ஒட்டோடு தோலும் வந்துவிடும். உணரியை அளவுத்திருத்தம் செய்து, மார்பின் மறுபக்கத்தைத் தூய்மையாக்கப்பட்ட நீரால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் புதிய வளையம் ஒட்டினேன். நடுவில் தொடுகைத் திரவத்தைக் குமிழி இல்லாமல் விட்டு உணரியைப் பொருத்தினேன்.

தோல் சூடாகி எண் நிலைக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். நிலைத்த பிறகு வைத்தியர் இரத்தவாயுப் பரிசோதனை செய்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. உணரி 41, 42 பாகையில் சூடாக இருப்பதால் தோல் வேகாமல் இருக்க, சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறோம். ஒவ்வொரு தடவையும் வளையத்தின் விளிம்பை விரலால் சுற்றிவரத் தடவிப் பார்க்கிறேன்.